ஆட்டுக்குட்டிக்கு வந்ததுதான் பேரனுக்கும் வந்ததா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் சில ஆடுகள். சனிக்கிழமை ஒரு குட்டி ரத்தமும் சளியுமாகக் கழிந்தது. திங்கட்கிழமை நாலு வயதுப் பேரனுக்கும் அதே மாதிரி. காய்ச்சல் இல்லை. குட்டிக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பேரனை இன்றே கிளினிக்குக் கொண்டுபோங்கள்.

ரத்தத்தை வைத்துக் கிருமியைச் சொல்ல முடியாது. மனிதருக்குச் சீதபேதி தருவதில் பேர்போனது ஷிகெல்லா. 1897இல் ஜப்பானில் கியோஷி ஷிகா கண்டுபிடித்த பாக்டீரியா இது. மனிதரிடமும் குரங்கினத்திடமும்தான் குடியிருக்கும். ஆட்டின் மேல் பழி போட முடியாது. நூறு கிருமிக்கும் குறைவாக வயிற்றுக்குள் போனாலே போதும் என்பதால் பாலர் பள்ளியில் சட்டென்று பரவும். குட்டிக்கு வந்தது பாக்டீரியாவாகவே இல்லாமலும் இருக்கலாம். இளங்குட்டிகளைக் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி அடிக்கடி வாட்டும்; ஆட்டுக்கு வரும் அந்த வகை மனிதரைத் தொடாது.

சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர், ஈ.கோலை ஓ157 ஆகிய மூன்று பாக்டீரியாக்களும் அப்படியல்ல, கால்நடையிலிருந்து நமக்கு வரும். எனக்குப் பயம் கடைசியில் சொன்னதில்தான். ஆடு மாடுகள் நோயே இல்லாமல் அதைச் சுமக்கும். பிள்ளைகளுக்குப் பல நேரம் காய்ச்சல் இல்லாமல் ரத்தமாகப் போகும். அப்புறம், பேதி அடங்கிவிட்டது என்று நாம் நிம்மதியாகும் சமயத்தில், ஏறக்குறைய ஒரு வாரத்தில், அதன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். இதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் அந்த ஆபத்து கூடலாம். ஷிகெல்லா கடுமையாக இருந்தாலோ ஆன்டிபயாடிக்தான் வைத்தியம். மலத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து, எது என்று பார்க்கும் சோதனைக்கு) அனுப்பாமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பேதியைக் கட்டும் மாத்திரையும் கூடாது.

பையன் கொட்டகையில் விளையாடினானா, காய்ச்சாத பால் குடித்தானா, எல்லாவற்றையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மலேசியாவின் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி சீதபேதியை அவர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு யாருக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது, பயப்படாதீர்கள்.

அதுவரை ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைத் தூளை, பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஐசோடோனிக் பானம் வேண்டாம், சர்க்கரை அதிகம். பிள்ளை வெளிறிப்போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குட்டியைத் தனியே கட்டி, அதன் கழிச்சலில் கொஞ்சம் மூடி போட்ட டப்பாவில் எடுத்துக் கால்நடை இலாகாவில் காட்டுங்கள். கொட்டகையைக் கழுவுவது பெரியவர்கள் வேலை. ரப்பர் பூட்ஸை வாசலிலேயே கழற்றி, சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே பேரனைத் தூக்க வேண்டும்.