பேனாவைக் கையில் கொடுத்த இதழ்கள்

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி): பரணைச் சுத்தம் செய்தபோது அம்மாவின் டிரங்குப் பெட்டியில், நூலால் தைத்துக் கட்டிய 'கண்ணன்' சிறுவர் இதழ்களும் சில 'கோகுலம்' இதழ்களும் கிடைத்தன. எடுத்துப் படித்ததில் இரண்டு நாட்களாக வேறு வேலை ஓடவில்லை. இவை நிஜமாகவே நல்ல இதழ்களா, அல்லது அம்மாவின் நினைவும் சேர்ந்துகொண்டதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா?

பதில்: அம்மாவின் நினைவுக்கும் அதில் பங்கு இருக்கும். ஆனாலும் 'கண்ணன்' நல்ல இதழ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கலைமகள் காரியாலயம் 1950இல் தொடங்கிய அந்த இதழுக்கு 22 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர் ஆர்வி. பெரியவர்களுக்கான நாவல்களில் பெயர் பெற்றிருந்த ஓர் எழுத்தாளர், தம்முடைய நல்ல ஆண்டுகளைப் பள்ளி மாணவர்களுக்கான இதழுக்கு ஒப்புக்கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மதிப்பு கூடுகிறது. படிக்கிற பிள்ளை எழுதவும் செய்யும் என்று அவர் நம்பினார். 'கண்ணன்' நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்ற 'நந்திமலைச் சாரலிலே' கதையை எழுதியபோது எழுத்தாளர் அம்பை பதின்பருவத்துப் பெண். அவருக்கு 2021ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் போட்டிதான்.

உங்களிடம் உள்ள இதழ்களில் போட்டி அறிவிப்புப் பக்கங்கள் இருந்தால், கதைகளைப் படிப்பதற்கு முன்பு அவற்றைப் பாருங்கள். அம்மா ஏதாவது பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கக்கூடும்.

கேள்வி (விருதுநகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): சிறுவர் இதழில்தான் வேலையைத் தொடங்கியதாக முன்பொரு முறை எழுதியிருந்தீர்கள். அங்கே முதலில் என்ன வேலை கொடுத்தார்கள்? எனக்கும் எழுத்துத் துறையில் நுழைய ஆசை.

பதில்: கட்டுரை எழுதச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அஞ்சலட்டைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். 1984ஆம் ஆண்டு, சென்னையில் நடந்துவந்த ஒரு மாத இதழ் அது. 15 பைசா அட்டைகள் சாக்கில் வந்து இறங்கும். புதிர் விடை ஒரு பக்கம், துணுக்கு ஒரு பக்கம், பேனா நண்பர் பகுதிக்கு வந்தவை ஒரு பக்கம் என்று பிரித்துக் கட்ட வேண்டும். கதை எழுதி அனுப்பிய பிள்ளைக்கு மட்டும், கதை பிரசுரமானாலும் ஆகாவிட்டாலும், ஒரு வரியாவது கைப்பட எழுதிப் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் ஆசிரியர் வகுத்திருந்த விதி. அந்த ஒரு வரியை எழுதுவதற்காகவே ஒவ்வொரு கதையையும் முழுவதும் படிக்க வேண்டியிருந்தது. அப்படிப் படித்துப் படித்துத்தான் நான் எழுத்தைக் கற்றுக்கொண்டேன்.

ஒரு கதை மறக்கவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சிறுமி, கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில், வீட்டு ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்ற நாளைப் பற்றி எழுதியிருந்தாள். இடம் போதாததால் அதைச் சுருக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அழுகையைப் பற்றி அவள் எழுதியிருந்த ஐந்து வரிகளையும் வைத்துக்கொண்டு, 'ஆடு போன பிறகும் முளைக்குச்சியில் கயிறு கிடந்தது' என்ற வரியை அடித்துவிட்டேன். ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நான் அடித்ததற்குக் கீழே புள்ளிகள் இட்டு அந்த வரியை மீட்டுவிட்டு, நான் விட்டுவைத்த ஐந்து வரிகளையும் அடித்தார். சுருக்குவது என்றால் எதை விடுவது என்பதைக் காட்டிலும் எதைத் தொடாமல் இருப்பது என்பதே பெரிது என்று அந்த நிமிடத்தில் புரிந்தது. இன்றைக்கும் ஒரு கட்டுரையைக் குறைக்க உட்கார்ந்தால் அந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

இரண்டாவது வேலை புரூஃப் பார்ப்பது. கையால் அச்சுக் கோத்த காலம். எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978இலேயே வந்துவிட்டாலும், எங்கள் அச்சகத்து எழுத்துப் பெட்டிகளில் பழைய ஈய எழுத்துகள் மிச்சம் இருந்தன. ஆகவே ஒரே பக்கத்தில் ஒரு 'லை' யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவிலும் இன்னொரு 'லை' புதிய வடிவிலும் வந்துவிடும். 'பள்ளியில் ஒன்று சொல்கிறார்கள், உங்கள் இதழில் இரண்டும் இருக்கிறதே, எது சரி?' என்று ஒரு பையன் கேட்டு எழுதினான். அவனுக்கு அரைப் பக்கத்தில் விளக்கம் எழுதும்படி ஆசிரியர் என்னிடம் சொன்னார். நான் எழுதி அச்சில் வந்த முதல் எழுத்து அந்த அரைப் பக்கம்தான். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் புரிய வேண்டும், அவனை மட்டம் தட்டவும் கூடாது என்பதற்காக அதை ஏழு முறை திருத்தி எழுதினேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்களைவிட வயதில் சிறியவர் ஒருவரின் எழுத்தை அக்கறையோடு படித்து, அவருக்குப் பயன்படும்படி பதில் எழுதிப் பாருங்கள். வயது ஆகவில்லையே என்று தயங்க வேண்டாம். 1984இல் சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' வரத் தொடங்கியபோது அதன் ஆசிரியர் எஸ். விஜயன் பதின்பருவத்தையே தாண்டவில்லை. முத்து காமிக்ஸை நடத்திய குடும்பத்துப் பிள்ளை என்பது உண்மைதான். ஆனால் அத்தனை ஆண்டுகளாக வாசகர் கடிதங்களோடு பேசிப் பேசியே ஒரு வாசகர் கூட்டத்தைக் கட்டிக்காத்தது அவருடைய சொந்த உழைப்பு.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்): 'பூந்தளிர்' இதழில் வந்த சுப்பாண்டி தமிழ்ப் பாத்திரமா, மொழிபெயர்ப்பா?

பதில்: மும்பையிலிருந்து வந்த 'டிங்கிள்' ஆங்கிலச் சிறுவர் இதழின் சித்திரக்கதைப் பாத்திரம். 1984இல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய 'பூந்தளிர்' வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆனால் சுப்பாண்டியின் முதல் கதைகளை 'டிங்கிள்' இதழுக்கு எழுதி அனுப்பியவர் உங்கள் திருச்சியைச் சேர்ந்த ஒரு வாசகர்! ஓர் ஊரிலிருந்து தபாலில் போன கதை நாடெங்கும் தெரிந்த பாத்திரமாக மாறியது, அந்த உறையைப் பிரித்துப் படிக்க அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்ததால்தான்.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு தந்தை): என் மகன் சிறுவர் இதழ்களில்தான் வேலை செய்வேன் என்கிறான். இதில் பிழைக்க முடியுமா?

பதில்: இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம் என்பதை மறைக்க மாட்டேன். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இளம் வயதில் 'சக்தி' இதழ் அலுவலகத்தில் சேர்ந்தவர். பிறகு இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்கு எழுதினார். ஓய்வு பெற்ற பிறகுதான் 'கோகுலம்' ஆசிரியரானார். நான் வேலை செய்த இதழும் நிலைக்கவில்லை. தாள் விலை கட்டுப்படியாகவில்லை என்று நிர்வாகம் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு வரி அறிவிப்புகூடக் கொடுக்கவில்லை. பூட்டிய அலுவலகத்துக்கு அதன் பிறகும் அட்டைகள் வந்துகொண்டிருந்ததாகத் தபால்காரர் சொன்னார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் வாசல் அடைபட்டுவிடவில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987 முதல் வருகிறது. பள்ளிக் கல்வித் துறையே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று மாணவர்களுக்கு இதழ்களைத் தொடங்கியிருக்கிறது. 13 வயதிலிருந்து 17 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் தமிழில் படிக்கப் போதிய இதழ்கள் இல்லை. சிறுவர் இதழ் அவர்களுக்குச் சின்னதாகிவிடுகிறது, வார இதழ் அவர்களை நினைத்து எழுதப்படுவதில்லை. உங்கள் மகனைப் போன்றவர்கள்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வருமானத்துக்கு வேறொரு வேலையை வைத்துக்கொண்டு இதைத் தொடங்கட்டும், நீங்களும் தடுக்காதீர்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்காக அவரை ஒரு பக்கம் எழுதச் சொல்லி, பத்திரிகை முகவரிக்கு என் பெயருக்கு அனுப்புங்கள். படித்துவிட்டுக் கைப்படப் பதில் எழுதுகிறேன்.