தலை குனிந்தவர்தான் பணத்தை எடுத்தாரா?

கேள்வி: என் கடையில் இரண்டு முறை கல்லாவில் பணம் குறைந்தது. வேலை பார்க்கும் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்தேன். ஒருவர் என் கண்ணைப் பார்த்துத் தெளிவாகப் பதில் சொன்னார். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டு, மூக்கைத் தேய்த்தபடி, சொன்னதையே மாற்றி மாற்றிச் சொன்னார். இவர்தான் எடுத்திருப்பார் என்று தோன்றுகிறது. உடல்மொழியை வைத்து அப்படி முடிவு செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். நீங்கள் பார்த்தது பதற்றத்தை. முதலாளி கதவைச் சாத்திவிட்டு "பணம் எங்கே போச்சு?" என்று கேட்டால், எடுத்தவருக்கும் வேர்க்கும், எடுக்காதவருக்கும் வேர்க்கும். வேலை போய்விடுமோ, வீண்பழி வந்துவிடுமோ என்று பயப்படுவதற்கு ஒருவர் திருடியிருக்க வேண்டியதில்லை.

பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்க மாட்டார் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. 75 நாடுகளில் மக்களிடம் கேட்டபோது மிக அதிகம் பேர் சொன்ன அடையாளம் இதுதான். எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் பொய் சொல்பவருக்கு மட்டும் தெரியாமலா இருக்கும்? வேண்டுமென்றே கண்ணை எடுக்காமல் பேசுகிறவர்களும் உண்டு. (அதற்காக உங்கள் முதல் ஆள்மேல் பாய்ந்துவிடாதீர்கள். நேராகப் பார்ப்பதும் எதையும் நிரூபிக்காது.)

பெல்லா டிபாலோ என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 2003-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 158 அறிகுறிகளை அலசினார்கள். பெரும்பாலானவற்றுக்கும் பொய்க்கும் தொடர்பே இல்லை, அல்லது இருந்தும் இல்லாத அளவுக்குத்தான் இருந்தது. பார்வையை விலக்குவதும் தேறவில்லை. சார்ல்ஸ் பாண்டுடன் சேர்ந்து அவர் 2006-இல் வெளியிட்ட இன்னொரு தொகுப்பில் 24,000-க்கும் மேற்பட்டவர்களின் கணிப்புகள் இருந்தன. பொய் எது, மெய் எது என்று சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். போலீஸ்காரர்கள் போன்ற அனுபவசாலிகளும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. கண் எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்க்கச் சொல்லும் வித்தையையும் 2012-இல் சோதித்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "மாற்றி மாற்றிச் சொன்னார்" என்பதுதான். "ஆறு மணிக்குப் போனேன்... இல்லை, லோடு இறக்கின பிறகுதான் போனேன்" என்று தானாகவே திருத்திக்கொள்வதும், "அது ஞாபகம் இல்லை" என்று ஒத்துக்கொள்வதும் உண்மை பேசுபவர்களிடம்தான் சற்று அதிகம். நினைவு அப்படித்தான் துண்டு துண்டாக வரும். கதையைத் தயாரித்துக்கொண்டு வந்தவர், திருத்தினால் சந்தேகம் வரும் என்று பயந்து ஒரே நூலில் கோத்ததுபோலச் சொல்லிவிடுவார். இந்த வித்தியாசமும் சிறியதுதான், இதை வைத்தும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் நீங்கள் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டது எதிர்ப்பக்கம் சாயவும் வாய்ப்புண்டு.

"அவர் சாதாரணமாக இப்படி இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். சாதாரணமாக என்றால் எப்போது? வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசும்போதா? அந்த நிலையோடு விசாரணை அறையை ஒப்பிட்டால் யாராக இருந்தாலும் மாறித்தான் தெரிவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஆளைப் பார்ப்பதைக் குறைத்து, சொல்வதைச் சரிபாருங்கள். முதலில் கணக்கு. பில் விட்டுப்போனதா, சில்லறை கொடுத்ததில் தப்பா, சப்ளையருக்குக் கொடுத்த பணத்தை எழுத மறந்தீர்களா? இதெல்லாம் இல்லை என்று உறுதியான பிறகு ஆட்களிடம் வாருங்கள்.

பேசும்போது கையில் இருக்கும் ஆதாரத்தை முதலிலேயே காட்டாதீர்கள். 7:40-க்கு பில் போடாமலே கல்லா திறந்தது கேமராவில் தெரிகிறது, ஆனால் திறந்தவர் முகம் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். "7:40-க்கு ஏன் திறந்தே?" என்று ஆரம்பித்தால், எடுத்தவர் அந்த நேரத்துக்குத் தோதாக ஒரு காரணம் சொல்லிவிடுவார். அதற்குப் பதில், "அன்னைக்கு சாயந்திரம் கடையில் என்னென்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுக் குறுக்கிடாமல் இருங்கள். அப்புறம், "கல்லா பக்கம் யார் யார் போனீங்க? எதுக்கு?" கடைசியில்தான் கேமரா. எடுக்காதவர், சில்லறை மாற்றப் போனதைப் பெரும்பாலும் தானாகவே சொல்லியிருப்பார். மறைப்பவர் கல்லாவையே தவிர்த்துவிட்டுப் பிறகு ஆதாரத்தோடு முட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஸ்வீடனில் பயிற்சிக் காவலர்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்துச் சோதித்தபோது சரியான கணிப்பு சுமார் 85 சதவீதத்துக்கு வந்தது. பயிற்சி பெறாதவர்களுக்கு 56. சோதனைக்காக ஏற்பாடு செய்த திருட்டில் கிடைத்த எண் இது, உங்கள் கடையில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இருவரிடமும் அதே கேள்விகளை, அதே தொனியில் கேளுங்கள். தடுமாறியவரிடம் மட்டும் குரலை உயர்த்தினால் தடுமாற்றம் கூடும், உங்கள் சந்தேகமும் கூடும்.

இத்தனைக்குப் பிறகும் எதுவும் பிடிபடவில்லை என்றால் யாரையும் குற்றம் சொல்லாமல் விட்டுவிடுங்கள். ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் இருவரும் சேர்ந்து கல்லாவை எண்ணிக் கையெழுத்துப் போடட்டும், பில் மெஷினில் ஆளுக்கொரு தனிக் குறியீடு கொடுங்கள். அடுத்த முறை குறைந்தால் எந்த ஷிப்டில் குறைந்தது என்பதாவது தெரியும்.