கடினமான கணிதக் கருத்துகளை, எல்லோருக்கும் பகிரும்படி இணையவழிப் பாடத்தொகுப்பாகச் செய்வது எப்படி? எந்த ஆப் நல்லது?

பி.எட். முடித்துப் புதிதாக வகுப்பெடுக்க வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "ஏதாவது டிஜிட்டலா பண்ணுங்க" என்று மேலிருந்து யாராவது சொல்லியிருப்பார்கள். யூகம் தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப் எதுவானாலும் முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: பிள்ளைகள் எந்த வரியில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்? 'வகை நுண்கணிதம்' என்று முழுப் பாடத்துக்கும் ஒரு தொகுப்பு செய்தால் அதைச் செய்தவரைத் தவிர ஒருவரும் திறக்க மாட்டார்கள். முட்டுகிற அந்த ஓரிடத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

நான் பிளஸ் ஒன்னுக்குத் தமிழ்வழியில் கணக்கு எடுக்கிறவன். என் வகுப்பில் முட்டுகிற இடம் வகைக்கெழுவின், அதாவது வளைகோட்டுக்கு ஒரு புள்ளியில் இருக்கும் சாய்வின், வரையறை. மேலே f(x+h) − f(x), கீழே h. ஒரு வரியில் h-ஆல் வகுக்கிறோம், அடுத்த வரியில் அதே h-க்குப் பூஜ்யம் போடுகிறோம். "பூஜ்யத்தால வகுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று நன்றாக யோசிக்கிற பிள்ளைதான் கேட்கும். மற்றவர்கள் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். 1734-இல் ஜார்ஜ் பெர்க்லி என்ற தத்துவஞானி நியூட்டன் தரப்பைப் பார்த்துக் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அதற்கு ஒழுங்கான பதில் கிடைக்க 19ஆம் நூற்றாண்டில் கோஷி, வையர்ஸ்ட்ராஸ் என்ற கணித மேதைகள் வரவேண்டியிருந்தது. பதினாறு வயதுப் பிள்ளை ஒரு பீரியடில் புரிந்துகொள்ளவில்லை என்று கோபப்பட நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இதற்கு நான் எடுத்தது ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கிய மென்பொருள். நம் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று கியூஆர் கோடோடு வரும் பக்கங்களில் பார்த்திருப்பீர்கள். x² வரைந்து, அதன்மேல் A என்ற புள்ளியை (1, 1)-இல் வைத்தேன். B-க்கு x மதிப்பு 1 + h. இரண்டையும் இணைத்து ஒரு வெட்டுக்கோடு, பக்கத்தில் அதன் சாய்வு m, கீழே h-க்கு ஒரு ஸ்லைடர். தொகுப்பு இவ்வளவுதான்.

h 0.5 என்றால் m 2.5. 0.1 என்றால் 2.1. ஸ்லைடரைச் சரியாகப் பூஜ்யத்தில் நிறுத்தினால் கோடு மறைந்துவிடும், m இருந்த இடத்தில் கேள்விக்குறி வரும். "சார், ஆப் ஹேங் ஆயிடுச்சு" என்றான் முன்பெஞ்சுப் பையன். அதற்குள் ஒரு பெண் இடப்பக்கமும் தள்ளிப் பார்த்துவிட்டாள். 1.9, 1.99. "ரெண்டு பக்கமும் 2-கிட்டத்தான் சார் வருது, நடுவுல மட்டும் இல்ல." இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்விக்குறி அசிங்கமாக இருக்கிறது என்று மறைத்துவிடாதீர்கள், பாடமே அதில்தான் இருக்கிறது. அப்புறம், அமைப்புகளில் தசம இடத்தை 2-லிருந்து கட்டாயம் கூட்டுங்கள். இல்லாவிட்டால் h 0.001 ஆகும்போது 2.001 என்பதை வெறும் 2 என்று காட்டும். 'போய்ச் சேர்ந்துவிட்டது' என்று பிள்ளைகள் நினைத்தால் செய்த வேலை முழுக்க வீண். செல்போனில் விரலால் ஸ்லைடரை அவ்வளவு நுணுக்கமாக நகர்த்தவும் முடியாது, அதனால் h-ஐத் தட்டச்சு செய்ய ஒரு உள்ளீட்டுப் பெட்டியும் வையுங்கள். ஸ்லைடரைத் தொடும் முன்பே "h பூஜ்யமானால் என்ன ஆகும்?" என்று நோட்டில் எழுத வைத்துவிடுங்கள்.

காணொலி போதாதா என்று கேட்பவர்களுக்கு: நான் காணொலிக்கு எதிரி இல்லை, நானே போட்டிருக்கிறேன். ஆனால் காணொலியில் h-ஐ நான் நகர்த்துகிறேன், அவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். "இது எத்தனை மார்க் கேள்வி?" என்பவர்களுக்கு: முதல் கொள்கையிலிருந்து (மேலே சொன்ன அதே வரையறையை வைத்து) வகைக்கெழு காணச் சொல்வது தேர்வுக்கு வருவதுதான். வராவிட்டாலும் நடத்துவேன், அது வேறு விஷயம்.

இதையெல்லாம் செய்து பார்க்கக் கம்ப்யூட்டர் லேப் ஒரு பீரியட் கேட்டால் ஆசிரியர் அறையில் ஒரே சிரிப்பு. "கணக்கு வாத்தியார் கடன் கேட்க வந்துட்டார்." பி.டி. பீரியடைப் பிடுங்குவது கணக்கு வாத்தியார்தான் என்று மீம் போட்டுப் போட்டே எங்கள் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள். நான் பார்த்தவரை ரெக்கார்ட் நோட்டு எழுத வைக்க விளையாட்டு பீரியடை வாங்கிப்போவது அறிவியல் பாடக்காரர்கள்தான். அவர்களைப் பற்றி ஏன் ஒரு மீம்கூட இல்லை? சரி, விடுங்கள்.

பகிர்வது பற்றிக் கேட்டீர்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் மட்டும் அனுப்பினால் போதாது, ஜியோஜீப்ராவில் சேமித்த ஜிஜிபி (.ggb) கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். நெட் இல்லாத பள்ளியிலும் கணினியில் மென்பொருள் இருந்தால் திறந்துவிடும். தமிழை யூனிகோடில் அடியுங்கள். பழைய ஃபாண்டில் அடித்தால் அடுத்தவர் போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். உங்கள் பெயரை ஓரத்தில் சின்னதாகப் போடுங்கள், ஆனால் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்காதீர்கள். ஆங்கிலவழிக்கு எடுக்கும் தோழி ஒருவர் என் கோப்பைப் பிரதியெடுத்து, x² இருந்த இடத்தில் |x| போட்டு, A-யை ஆதிப்புள்ளிக்கு நகர்த்திவிட்டார். வலப்பக்கத்திலிருந்து வந்தால் சாய்வு 1, இடப்பக்கத்திலிருந்து வந்தால் −1. வகைக்கெழு இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பதற்கு என் வகுப்பில் இப்போது அவர் கோப்பைத்தான் ஓட்டுகிறேன்.