அப்பாவின் மானம் வாரிசுக்கு வராது, டைரி வரும்

கேள்வி: நாட்டையே உலுக்கிய ஒரு விபத்தை வைத்து எடுத்த வெப் சீரிஸ் மூன்று மாதங்களுக்கு முன் வெளியானது. அப்போது அந்த மாவட்டத்தில் அதிகாரியாக இருந்த என் அப்பா 2011இல் காலமானார். அவரைப் போலவே தொடரில் ஒரு பாத்திரம், பெயர் மட்டும் வேறு. அமைச்சர்மேல் தவறே இல்லை, அப்பாதான் குடித்துவிட்டு எச்சரிக்கைத் தகவலைக் கிடப்பில் போட்டார் என்று காட்டுகிறார்கள். அப்பட்டமாக ஒரு கட்சிக்காக எடுத்த தொடர். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் கம்பெனி ஆட்கள் வந்தபோது தம்பி அப்பாவின் டைரியை நகலெடுக்கக் கொடுத்து, ஏதோ ஒரு தாளில் கையெழுத்தும் போட்டான். டைரி வரிகள் அப்படியே வசனமாக வருகின்றன. தடை வாங்கி நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் பதினொரு பக்கம். நான் சுருக்கிவிட்டேன். ஊர், விபத்து, தொடரின் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டேன், அதன் காரணம் பின்னால் வரும். பத்துப் பக்கத்துக்கு அமைச்சரும் கட்சியும் இருக்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் தம்பியின் கையெழுத்து வருகிறது. வழக்கு என்று ஒன்று இருந்தால் அது அந்த வரியில்தான்.

முதலில் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். தொடர் ஒருதலைப்பட்சமானது என்பது வழக்குக்கான காரணம் ஆகாது. பிரிவினைக் கலவரத்தைச் சொன்ன ‘தமஸ்’ தொடர் தூர்தர்ஷனில் வந்தபோது, தடை கேட்டு 1988இல் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள், கிடைக்கவில்லை. 59 பேர் இறந்த உபஹார் தியேட்டர் தீ விபத்துத் தொடருக்கு 2023 ஜனவரியில் தடை கேட்டவர் அந்த வழக்கில் தண்டனை பெற்ற தியேட்டர் உரிமையாளர். டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் போபால் விஷவாயுத் தொடரை நிறுத்தக் கேட்ட தண்டனை பெற்ற யூனியன் கார்பைடு முன்னாள் ஊழியர்களுக்கு அப்பீலே நிலுவையில் இருந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களையும் திருப்பி அனுப்பியது. 1993 மும்பை குண்டுவெடிப்பைப் பற்றிய ‘பிளாக் ஃப்ரைடே’ படம் மட்டும் இரண்டு ஆண்டு பெட்டிக்குள் இருந்தது. அந்த வழக்கை விசாரித்த தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றத்தின் தீர்ப்பு அப்போது வரவில்லை என்பதுதான் அதற்குக் காரணம். உண்மையா பொய்யா என்று நீதிபதி சீன் சீனாக உட்கார்ந்து பார்த்து நிறுத்தியதல்ல.

அடுத்தது, அப்பா உயிரோடு இல்லை. ஜெயலலிதாவைப் பற்றிய படம், தொடர் தொடர்பாக அவருடைய அண்ணன் மகள் போட்ட வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், வாரிசுக்கு வராது என்று 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு சொல்லிவிட்டது. ஆக அப்பா பெயரில் மான நஷ்ட வழக்கு கிடையாது. கிரிமினலில் ஒரு சந்து உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, இறந்தவரைப் பற்றிச் சொன்னதும் அவதூறாகலாம் என்கிறது, ஆனால் குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். “எங்களுக்கு அவருடைய குடும்பமே ஞாபகத்தில் இல்லை” என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதமாக இருக்கும். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும்.

சரி, டைரிக்கு வருவோம். மானம் வாரிசுக்கு வராது, எழுத்து வரும். எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அவர் உயிரோடு இருந்தபோது வெளிவராத டைரி என்றால், அது முதலில் வெளியாகும் அடுத்த ஆண்டிலிருந்துதான் அந்த 60 ஆண்டு. உயில் இல்லையென்றால் அது அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சேர்ந்தது. சம்பவம் யாருக்கும் சொந்தமில்லை, அதை அவர் சொன்ன வரிகள் உங்களுக்குச் சொந்தம். ஆனால் அது வீட்டு டைரியா, ஆபீஸ் டைரியா என்று பாருங்கள். உத்தியோகக் கடமையாக எழுதிய டைரி என்றால் உரிமை அரசுக்குப் போய்விடும்.

இனி தம்பியின் தாள். காலம் எழுதாமல் விட்டிருந்தால் சட்டப்படி 5 ஆண்டுதான் செல்லும். எல்லை எழுதாமல் விட்டிருந்தால் இந்தியாவுக்குள் மட்டும். இதைப் படித்துவிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். நான் பார்த்த தாள்களில் எல்லாம் ‘பிரபஞ்சம் முழுவதற்கும், என்றென்றைக்கும்’ என்றே இருந்தது. செவ்வாய்க் கிரகத்தில் ஓடினாலும் நாம் கேட்க முடியாது.

அம்மாவும் நீங்களும் கையெழுத்துப் போடவில்லை, உங்கள் பங்குக்கும் சேர்த்துத் தம்பி எப்படிச் சம்மதம் தர முடியும் என்று கேட்க நல்ல இடம் இருக்கிறது. கேட்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆபத்தே அங்கேதான். அந்தத் தாளில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய பத்தியில் இப்படி இருக்கும்: “இந்த உரிமை எனக்கு மட்டுமே உள்ளது. வேறு யாரேனும் உரிமை கோரி கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் நானே ஈடுசெய்வேன்.” நீங்கள் கம்பெனியிடம் வாங்கும் ஒவ்வொரு ரூபாயையும், அவர்களுடைய வக்கீல் ஃபீஸையும் சேர்த்து, அவர்கள் தம்பியிடம் கேட்பார்கள். எங்கள் வக்கீல் தொழிலில் கட்சிக்காரர் என்றால் கொடி பிடிக்கிறவர் அல்ல, வக்காலத்துக் கொடுத்தவர். எனக்குத் தெரிந்த ஒரு கட்சிக்காரர் அக்கா. அவர் ஜெயித்த வழக்குக்கு அவருடைய தம்பி வீட்டை அடமானம் வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டு விசேஷங்களுக்கும் போக்குவரத்து இல்லை.

இன்னொரு பள்ளம் இதைவிட ஆழம். தொடரில் அப்பாவின் பெயர் இல்லை. அந்தப் பாத்திரம் அவர்தான் என்று இன்று உங்கள் சொந்தக்காரர்களும், அவருடன் வேலை பார்த்த சிலரும் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். வழக்குப் போட்டால் அதைப் பிராதில் முதல் ஆளாக எழுதிக் கொடுக்கப் போவது நீங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு இன்ஜினீயரின் மகன் இதே மாதிரி வந்தார். பிராதின் 6ஆம் பத்தியில் “அந்தப் பாத்திரம் என் தந்தையே” என்று இருந்தது. மறுநாள் பேப்பரில் அவருடைய அப்பாவின் பெயரும் நடிகரின் படமும் ஒரே கட்டத்துக்குள் வந்தன. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், மகனே தாக்கல் செய்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, தேதியைக் காட்டி, சத்தமாகப் படிக்கச் சொன்னார். “தகவல் வந்தது. காலையில் பார்க்கலாம்.” அப்பாவின் கையெழுத்து. மகன் அந்தப் பக்கத்தை அதற்குமுன் படித்ததே இல்லை. அடுத்த வாய்தாவில் வழக்கை வாபஸ் வாங்கினோம்.

அதனால் கேட்கிறேன்: விபத்தை விசாரித்த கமிஷன் உங்கள் அப்பாவுக்கு 8பி நோட்டீஸ் (பெயர் கெடக்கூடியவரின் தரப்பையும் கேட்க அனுப்புவது) கொடுத்ததா? அறிக்கையில் அவரைப் பற்றி என்ன இருக்கிறது? அரசு ஆவணத்தில் இருப்பதை எடுத்துச் சொல்ல யாருக்கும் உங்கள் அனுமதி தேவையில்லை. 1994இல் ஆட்டோ சங்கர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியாயிற்று. அறிக்கையையும் டைரியையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படியுங்கள், சங்கடமான பக்கங்களை இரண்டு முறை.

என் யோசனை சமரசம்தான். காப்புரிமை வழக்குக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு, பதற வேண்டாம். பணம் கேட்காதீர்கள். குடிக்கும் காட்சியை எடுக்கவும், டைரி வசனங்களை நீக்கவும், தொடக்கத்தில் ‘இந்த அதிகாரி கற்பனைப் பாத்திரம்’ என்று அட்டை போடவும் கேளுங்கள். தம்பிமேல் கை வைக்க மாட்டோம் என்றும் எழுதி வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் மாற்ற முடியாது என்பார்கள், நம்பாதீர்கள். 2024இல் காந்தஹார் விமானக் கடத்தல் தொடரில், கடத்தியவர்களின் நிஜப் பெயர்களை முகப்பு அட்டையில் சேர்க்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. அங்கே கூப்பிட்டது மத்திய அரசு, உங்கள் கடிதத்துக்கு அந்தக் கனம் இருக்காது. இருந்தாலும் டைரி என்ற துருப்பு உங்கள் கையில் இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், புகாரை அங்கே தொடங்குங்கள். கடிதத்தில் அமைச்சர், கட்சி என்ற சொற்களே வரக் கூடாது. ஃபேஸ்புக்கில் எழுதியதையும் நிறுத்துங்கள். “காசு வாங்கிக்கொண்டு எடுத்தார்கள்” என்ற வரிக்கு அவர்கள் உங்கள்மேல் அவதூறு வழக்குப் போடலாம், அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

தம்பியிடம் சண்டை போடாமல் அந்தத் தாளின் நகலை வாங்குங்கள். அவரிடம் இல்லையென்றால் அவர் மூலமாகவே கம்பெனியிடம் கேட்கச் சொல்லுங்கள். டைரியை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் பீரோவிலேயே இருக்கட்டும், என்னிடம்கூட இப்போது வேண்டாம்.