வயிற்றில் பிள்ளை, கையில் பெப் அறிக்கை

கேள்வி: எனக்கு 35 வயது. ஆரையம்பதியில் இருக்கிறேன். மூன்றாவது பிள்ளை, இப்போது 19 வாரம். கர்ப்பம் என்று எனக்கே தெரியாத நாட்களில் சுகவனிதையர் கிளினிக்கில் பெப் பரிசோதனை செய்தேன். நான்கு மாதம் கழித்து இப்போதுதான் முடிவு வந்தது. 'எல்.எஸ்.ஐ.எல்.' என்று எழுதியிருக்கிறது. வெள்ளைபடுதலும் அரிப்பும் இருக்கின்றன. கணவருடன் சேர்ந்த பின் இரண்டு தடவை துணியில் இரத்தக் கறை கண்டேன். தெரிந்த ஒருவர், கொழும்பில் ஒரே நாளில் சுட்டு எடுத்துவிடலாம், தாமதித்தால் பிள்ளையையும் எடுக்க வேண்டிவரும், எப்படியும் சிசேரியன்தான் என்கிறார். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். இது புற்றுநோயா?

பதில்: அந்தக் காகிதம் புற்றுநோய் என்று சொல்லவில்லை, மகள். முதலில் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

பெப் பரிசோதனை ஓர் அரிதட்டு. கர்ப்பப்பைக் கழுத்திலிருந்து வழித்தெடுத்த கலங்களில் வித்தியாசமாகத் தெரிவதை அது பிரித்துக் காட்டும். நோய் இன்னதென்று முடிவு கூறாது. உங்கள் அறிக்கையில் உள்ள நான்கு எழுத்துகளின் பொருள் 'இலேசான மாற்றம்'. உடலுறவால் தொற்றும் எச்.பி.வி. என்ற வைரசால் வருவது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். கர்ப்பம் இதை விரைவுபடுத்துவதில்லை. பிள்ளைக்கும் இதனால் ஊறில்லை. வைரஸ் எப்போது வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது, பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்திருக்கலாம். ஆகவே வீட்டில் கணவரைக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

இலேசான மாற்றத்துக்கு, பிரசவம் முடிந்து ஆறு வாரமாவது சென்ற பிறகு கொல்போஸ்கோபி செய்தால் போதும். அறிக்கையில் 'எச்.எஸ்.ஐ.எல்.' போன்ற கடுமையான மாற்றம் என்றிருந்தால் கர்ப்பத்திலேயே அதைச் செய்வோம். கொல்போஸ்கோபி என்ற பெயர்தான் பெரிது. வாத்துச் சொண்டு போன்ற கருவியால் வழியைத் திறந்து, வினாகிரி போன்ற ஒரு திரவத்தைத் தடவி, உருப்பெருக்கியால் பார்ப்பது. மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். பார்வைக்குச் சந்தேகமாக இருந்தால் ஒழியச் சதை எடுப்பதில்லை. இத்தகைய மாற்றங்களுக்கான சிகிச்சையைப் பிரசவத்துக்குப் பின்னரே வைத்துக்கொள்கிறோம். இதற்காகச் சிசேரியனும் தேவையில்லை.

இனி அந்தத் 'தெரிந்த ஒருவர்'. இத்தகையவரை எனக்கு நன்றாகத் தெரியும். வானும் அவரே பிடிப்பார், வைத்தியரையும் அவரே சனல் பண்ணுவார், தங்குமிடமும் அவர் கையில். உங்கள் அறிக்கையை அவர் வாசித்தாரா? எத்தனையாவது வாரம் என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார், அவருடைய கணக்கில் வாரமில்லை, ஆசனம்தான் இருக்கிறது. கர்ப்பப்பைக் கழுத்தைக் கர்ப்பத்தில் சுடவோ வெட்டவோ போனால் குடம் கவிழ்ந்ததுபோல் இரத்தம் போகலாம், கருவும் கலையலாம். 'பிள்ளையை எடுக்க வேண்டும்' என்பது வெறும் மிரட்டல். தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறு காரணத்துக்குக் கருக்கலைப்பு செய்ய இந்த நாட்டின் சட்டத்தில் இடமில்லை. சட்டத்துக்கு வெளியே அதைச் செய்துதரும் இடத்துக்குத்தான் அடுத்த வான் போகும்.

ஆறு மாதக் கர்ப்பத்தோடு அப்படிப் போய்வந்த ஒரு பெண் என் முன்னால் சில்லறைக்கடைப் பையைக் கவிழ்த்துக் காட்டினார். மேசை நிறையப் பற்றுச்சீட்டுகள். இரண்டாவது பெப், மூன்றாவது பெப், ஏதேதோ இரத்தப் பரிசோதனைகள், இரண்டு ஸ்கான். முதல் அறிக்கை சொன்னதையே மற்ற இரண்டும் சொல்லின. அடகுவைத்த காப்பு இன்னும் மீளவில்லை என்றார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒரு சதம் வாங்காமல் பார்த்திருப்பார்கள்.

எம்மவர்களிடம் நான் காணும் தலைகீழ்ப் பழக்கம் ஒன்று உண்டு. காகிதத்தைக் கண்டால் கொழும்புக்கு ஓடுகிறார்கள், இரத்தத்தைக் கண்டால் வீட்டில் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்திலும் எல்.எஸ்.ஐ.எல். பற்றி இத்தனை பயம்; இரத்தக் கறைக்கு ஒரு வரி.

அந்தக் கறைக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணமே இருக்கும். கர்ப்பத்தில் கழுத்தின் உட்பக்க மென்தோல் சற்று வெளியே விரியும், பட்டால் கசியும். ஆனால் அதை ஒரு வைத்தியர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா அல்ல. வேறொன்றையும் சொல்கிறேன், இதை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். உங்கள் ஸ்கான் அறிக்கையில் நச்சுக்கொடி கீழே கிடப்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 19, 20 வாரத்தில் பலருக்கு அப்படித்தான் இருக்கும், கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே போய்விடும். 32 வாரமளவில் மறுபடி ஸ்கான் செய்து உறுதிப்படுத்துவார்கள். அப்படி எழுதியிருந்தால் அதுவரை கணவருடன் சேர வேண்டாம். இரத்தம் கண்டு எந்த வைத்தியரிடம் போனாலும், அவர் கையுறை போடுமுன் "கொடி கீழே என்று ஸ்கானில் இருக்கிறது" என்று நீங்களே சொல்லுங்கள். கீழே கிடக்கும் கொடியில் விரல் பட்டால் இரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. இந்த இரத்தம் நோவில்லாமல் வரும். அதுதான் பொறி. "நோவில்லைத்தானே" என்று, கடலுக்குப் போன கணவர் கரைக்கு வரும்வரை காத்திருந்த ஒருவரை எங்களிடம் கொண்டுவந்தபோது, அவர் நான்காவது சேலையைச் சுற்றியிருந்தார். உதடு வெளுத்திருந்தது. பிழைத்தார், பிள்ளை பிழைக்கவில்லை. ஆகவே கறையாக இருந்தால் மறுநாள் கிளினிக், வழிந்தால் அந்த நிமிடமே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கத் தேவையில்லை. தெளிந்த நீர் வழிந்து உடுப்பு நனைந்தாலும் அதே அவசரம்தான். உங்கள் இரத்தவகை நெகட்டிவ் என்றால், கறை கண்ட 72 மணித்தியாலத்துக்குள் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

அரிப்போடு தயிர்போல் படுவது அநேகமாகப் பூஞ்சணம். உள்ளே வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரை, ஏழு நாள். பாமசியில் கேட்டால் விழுங்குகிற ஒற்றைக் குளிசையை நீட்டுவார்கள், கர்ப்பத்தில் அது வேண்டாம். டெட்டோல் தண்ணீராலும் வேப்பிலை அவித்த நீராலும் உள்ளே கழுவாதீர்கள். நாற்றமோ பச்சை நிறமோ இருந்தால் மருந்து வேறு.

நான்கு மாதமாம்! ஒரு கண்ணாடித் துண்டைப் பார்த்து முடிவு எழுத நான்கு மாதம். வந்த முடிவும் ஆங்கிலத்தில். அதைக் கொடுத்த மிட்வைப்பை நான் குறை சொல்லமாட்டேன், ஒரு பிரிவு முழுவதும் அவர் தலையில். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு நாட்கூலி. அவரிடம் புரியாத எழுத்து நான்கைக் கொடுத்து அனுப்பினால் வான்காரர்தானே மொழிபெயர்ப்பார்? 1996 முதல் இந்தக் கிளினிக்கை நடத்துகிறோம், 35 வயதிலும் 45 வயதிலும் வாருங்கள் என்று அழைக்கிறோம். வந்தவருக்குப் பதில் சொல்ல இன்னும் பழகவில்லை.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பெப் அறிக்கையையும் ஸ்கானையும் கர்ப்பவதிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். அறிக்கையின் முடிவைக் கொப்பியில் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் பிரசவ வார்டில் எவருக்கும் தெரியவராது. அறிக்கை மூலையில் ஓர் இலக்கம் இருக்கும். காகிதம் தொலைந்தாலும் அதை வைத்துத் தேடலாம், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறந்து வீட்டுக்கு மிட்வைப் வரும்போது, எடையைப் பார்த்துவிட்டு அவர் எழும்புமுன், கொல்போஸ்கோபிக்குத் திகதி கேளுங்கள்.