குழந்தைகளின் நோய்த்தணிப்புப் பராமரிப்பில் நம்பிக்கைக்கும் பண்பாட்டுக்கும் ஏன் இடம் தருகிறார்கள்?

கடும் நோயுள்ள குழந்தையின் வலி, மூச்சுத்திணறல், பயம் ஆகியவற்றைக் குறைத்து, குடும்பத்தையும் தாங்குவதே நோய்த்தணிப்புப் பராமரிப்பு. சிங்கப்பூரில் எச்சிஏ (HCA) என்ற நோய்த்தணிப்புப் பராமரிப்பு நிறுவனத்தின் ஸ்டார் பால்ஸ் (Star PALS) குழு வீட்டுக்கே வந்து இதைச் செய்கிறது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த பிறகும் அம்மா ஈரத்துணியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாரே, அதுபோல.

பயத்துக்கு மருந்து மட்டும் போதாது. “நான் தப்பு செய்ததால்தான் இப்படியா?” என்று குழந்தை கேட்கும். பெற்றோரை ‘கர்மவினை’ என்ற பேச்சு அரிக்கும். “உன் தப்பே இல்லை” என்று தெளிவாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

வழிபாட்டைத் தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆக்ஸிஜன் ஓடும் அறையில் விளக்கு, ஊதுவத்தி, சூடம் கூடவே கூடாது, தீப்பற்றும். பேட்டரி விளக்கு வைக்கலாம். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குத் தீர்த்தம் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகலாம்; பஞ்சில் நனைத்து உதட்டை மட்டும் ஈரமாக்குங்கள். காப்புக் கயிறு ஊசி போடாத கையில் இருக்கட்டும். சைவ உணவு உண்ணும் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் மாத்திரை உறையில் ஜெலட்டின் உண்டா என்று கேட்கலாம். நாட்டு மருந்தை மறைக்காதீர்கள், வேறு மருந்தோடு மோதலாம்.

பேசக் கடினமானது இறுதிச் சடங்கு. சிறு பிள்ளைகளைப் புதைக்கும் வழக்கம் சில இந்துக் குடும்பங்களில் உண்டு. ஆனால் சிங்கப்பூரின் சுவா சூ காங் இடுகாட்டில் அடக்கம் 15 ஆண்டுகளுக்குத்தான். இதை முன்பே தெரிந்துகொண்டால் அந்த நேரத்தில் தடுமாற்றம் குறையும்.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்றால் சிகிச்சையைக் கைவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நோய் கண்டறிந்த நாளிலிருந்தே, கீமோ போன்ற புற்றுநோய்ச் சிகிச்சையுடன் சேர்த்தே தொடங்கலாம்.