எமிட் யாருக்காகவும் காத்திருக்காது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நோட் ஜேஎஸ்ஸில் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் தளம்) ஈவென்ட்எமிட்டர் பயன்படுத்துகிறேன். ஆர்டர் பதிவானதும் ஒரு ஈவென்ட்டை எமிட் செய்கிறேன், அதாவது நடந்ததை அறிவிக்கிறேன். இருப்பைக் குறைப்பது, பில் தயாரிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது என்று அதற்கு மூன்று அசிங்க் லிசனர்கள் (அறிவிப்பு வந்ததும் ஓடும், இடையில் காத்திருக்கக்கூடிய ஃபங்ஷன்கள்). அடுத்த வரியில் இருப்பைப் படித்தால் பழைய எண்ணே வருகிறது. எமிட்டுக்கு முன்னால், முடியும் வரை காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் போட்டும் பயனில்லை. ஏன்?

பதில்: எமிட் முழுக்க முழுக்க சிங்க் வேலை, இடையில் எதற்கும் காத்திருக்காமல் ஓடி முடிவது. பதிவான வரிசையில் லிசனர்களை ஒவ்வொன்றாக, சாதாரண ஃபங்ஷனை அழைப்பது போலவே அழைக்கிறது. அசிங்க் லிசனர் தன் முதல் அவெய்ட் வரைதான் அந்த அழைப்பில் ஓடும். அங்கே ஒரு பிராமிஸைக் (முடிவு பிறகு வரும் என்ற உறுதியைக்) கொடுத்துவிட்டு நின்றுவிடும். அந்தப் பிராமிஸை எமிட் கண்டுகொள்வதே இல்லை. உங்களுக்கு அது தருவது ட்ரூ அல்லது ஃபால்ஸ், அதாவது லிசனர் ஏதாவது இருந்ததா இல்லையா என்ற தகவல் மட்டுமே. நீங்கள் போட்ட அவெய்ட் அந்த ட்ரூவுக்காகத்தான் காத்திருக்கிறது.

காத்திருக்க வேண்டுமென்றால், லிசனர்களை அழைக்கும் டிஸ்பாட்ச் ஃபங்ஷனை நீங்களே எழுத வேண்டும். எமிட்டரின் ராலிசனர்ஸ் முறையில் லிசனர் பட்டியலை வாங்குங்கள். லிசனர்ஸ் என்ற முறையில் வாங்கினால், ஒரே முறை ஓடட்டும் என்று ஒன்ஸ் போட்டுப் பதிந்தவை ஒருமுறை ஓடிய பிறகும் பட்டியலை விட்டு நீங்காது. வாங்கியதை ஃபார்-ஆஃப் சுற்றில் ஒவ்வொன்றாக அவெய்ட் செய்தால் வரிசை காக்கப்படும், ஆனால் நேரம் கூடிக்கொண்டே போகும். 50, 200, 800 மில்லிசெகண்ட் எடுக்கும் மூன்று லிசனர்களுக்கு மொத்தம் 1050. மூன்றையும் மேப் போட்டு ஒன்றாகக் கிளப்பி, எல்லாம் வென்றோ தோற்றோ முடியும் வரை பிராமிஸ் ஆல்செட்டில்டில் காத்திருந்தால், காத்திருப்பு பெரும்பாலும் நெட்வொர்க்குக்கும் டேட்டாபேஸுக்கும் என்னும்போது, சுமார் 800தான். பிராமிஸ் ஆல் இங்கே வேண்டாம். ஒன்று தோற்றதும் அது உடனே பிழை சொல்லித் திரும்பிவிடும், மற்றவை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

சிங்க் லிசனரும் அசிங்க் லிசனரும் கலந்திருந்தால் எது எந்த வகை என்று சோதிக்கத் தேவையில்லை. பிராமிஸ் அல்லாத மதிப்பை அவெய்ட் அப்படியே கொடுத்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மேப்புக்குள் லிசனரை நேரடியாக அழைத்தால், சிங்க் லிசனர் எறியும் பிழை மேப்பையே உடைத்துவிடும், அடுத்தவை கிளம்பவே மாட்டா. ஒவ்வொரு அழைப்பையும் ஒரு அசிங்க் ஃபங்ஷனுக்குள் வையுங்கள். மேப்புக்குப் பதில் ஃபார்ஈச் போடாதீர்கள், அதுவும் எமிட்டைப் போலப் பிராமிஸைத் தூக்கி எறியும்.

இத்தனைக்கும் மேலாக ஒன்று: இருப்பைக் குறைப்பது லிசனராகவே இருக்கக் கூடாது. அது நடக்காவிட்டால் ஆர்டரே செல்லாது என்னும்போது, பெயர் சொல்லி நேரடியாக அழைத்து அவெய்ட் செய்யுங்கள். மின்னஞ்சல் போல ஆர்டர் காத்திருக்கத் தேவையில்லாத வேலையை ஈவென்ட்டுக்கு விடலாம். ஆனால் எமிட்டரின் ஈவென்ட்கள் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. பிராசஸ் விழுந்தால் பாதியில் நின்ற மின்னஞ்சலும் போயிற்று. கட்டாயம் போய்ச் சேர வேண்டியதை ஆர்டர் பதியும் அதே டிரான்சாக்‌ஷனில் ஒரு டேபிளில் எழுதிவைத்து, தனி வொர்க்கர் எடுத்து அனுப்பட்டும்.

கேள்வி: எமிட்டைச் சுற்றி, பிழையைப் பிடிக்கும் டிரை-கேட்ச் இருக்கிறது. ஆனாலும் மின்னஞ்சல் லிசனரில் பிழை வந்தால் சர்வரே நின்றுவிடுகிறது.

பதில்: அசிங்க் லிசனரின் பிழை வெளிவரும்போது உங்கள் டிரை-கேட்ச் எப்போதோ முடிந்திருக்கும். கையாளப்படாத பிராமிஸ் பிழை, நோட் 15-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே பிராசஸை நிறுத்திவிடும். அதற்கு முன் வெறும் எச்சரிக்கைதான். சிங்க் லிசனரின் பிழை டிரை-கேட்ச்சில் சிக்கும், ஆனால் வரிசையில் அதற்குப் பின் இருக்கும் லிசனர்கள் ஓடாமல் போகும்.

எமிட்டரை உருவாக்கும்போது கேப்சர்ரிஜெக்‌ஷன்ஸ் என்பதை ட்ரூ ஆக்குங்கள். அசிங்க் பிழைகள் அந்த எமிட்டரின் எர்ரர் ஈவென்ட்டுக்கு வந்துசேரும். எர்ரருக்கு லிசனர் கட்டாயம் தேவை. இல்லையென்றால் அதுவே எறியப்பட்டு மறுபடி பிராசஸ் விழும். அந்த எர்ரர் லிசனரை மட்டும் அசிங்க் ஆக்காதீர்கள், அதில் எழும் பிழையைப் பிடிக்க ஆளில்லை.

கேள்வி: பில் பிடிஎஃப் உருவாக்கும் லிசனரை அசிங்க் ஆக்கியும் மற்ற கோரிக்கைகள் தேங்குகின்றன.

பதில்: அசிங்க் என்று எழுதுவதால் வேலை வேறு திரெட்டுக்குப் போய்விடாது. கணக்கீடு எல்லாக் கோரிக்கைகளும் பகிரும் அதே ஈவென்ட் லூப்பில்தான் நடக்கிறது. செட்இமீடியட் அதைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவே. வொர்க்கர் திரெட்டுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: 11 லிசனர்கள் சேர்ந்துவிட்டன, நினைவகக் கசிவாக இருக்கலாம் என்று எச்சரிக்கை வருகிறது. வரம்பை உயர்த்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு ஈவென்ட்டுக்கு இயல்பான வரம்பு 10. பெரும்பாலும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓடும் ஃபங்ஷனுக்குள், லிசனரைப் பதியும் ஆன் அழைப்பு புகுந்திருக்கும். அதைச் சர்வர் தொடங்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்த முடியாவிட்டால் வேலை முடிந்ததும் ஆஃப் செய்து லிசனரை நீக்குங்கள். ஆஃபுக்குக் கொடுப்பது, ஆன் செய்தபோது கொடுத்த அதே ஃபங்ஷனாக இருக்க வேண்டும். பெயரில்லாத ஆரோ ஃபங்ஷனைத் திரும்ப எழுதிக் கொடுத்தால் எதுவும் நீங்காது, பிழைச் செய்தியும் வராது.